சூளைக்குள் வைத்த சரக்கு

அந்தச் சூளையைத் திறக்க விடாமல் செய்தது நீங்கள்தான். மழை இல்லை, ஆறு இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. நீங்கள்.

உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. அப்போது விருத்தாசலம் கடைத்தெருவில் வியாபாரம் பார்த்தவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. மற்றவர்களுக்கு இது போதும்: நீங்கள் எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். மொத்த வியாபாரி. தெருவிலேயே மாடி வைத்த கடை உங்களுடையது ஒன்றுதான். நான் அதே வரிசையில் நாலைந்து கடை தள்ளி இருந்த சின்ன மளிகைக் கடைக்காரி. கடை என் வீட்டுக்காரர் பேரில் இருந்தது. கல்லாவில் உட்கார்ந்தது நான். அவர் சரக்குப் பிடிக்கச் சேத்தியாத்தோப்பு, கடலூர் என்று லாரியில் தொற்றிக்கொண்டு அலைவார். எது எவ்வளவு இருக்கிறது, எது தீர்ந்தது, எந்த மூட்டையில் வண்டு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். கல்யாணமாகி வந்த மறு வருஷத்திலிருந்து அப்படித்தான். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். உங்களிடம் சரக்கு எடுக்க ஆள் அனுப்பினால், "அந்தம்மா என்ன சொல்லி வுட்டாங்க?" என்றுதான் கேட்பீர்கள். "கடைக்காரர் என்ன சொன்னார்" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐப்பசி பிறந்தால் சில்லறைக் கடைக்காரர்கள் ரேடியோவை விட்டு நகர மாட்டோம். வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள், புயல் வந்தால் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம், கேட்ட விலை கிடைக்கும் என்று. கிடைக்கும், சரக்கு நனையாமல் இருந்தால். மணிமுத்தாறு வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். பிள்ளைகள் பந்து விளையாடும். மேற்கே மலையில் பெய்து இங்கேயும் பெய்தால் அதே ஆறு கடைத்தெருவுக்கு வந்து எட்டிப் பார்க்கும். ரேடியோவில் கடலூர் பேரைச் சொல்லிக் காற்றழுத்தம் என்று ஆரம்பித்த உடனே ஜனங்கள் பையோடு வந்துவிடுவார்கள். புயலுக்கு முன்னால் எல்லாரும் அரிசி கேட்பார்கள். புயல் போன பிறகு எவரும் முதலில் அரிசி கேட்பதில்லை. தீப்பெட்டி கேட்பார்கள். அப்புறம் உப்பு, மண்ணெண்ணெய், கயிறு. அதற்கும் அப்புறம் வெற்றிலை. வீட்டில் ஒன்றுமில்லாமல் போன கிழவர்கூட முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து வெற்றிலை இருக்கிறதா என்று கேட்பார். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு சரக்கை ஒதுக்கி வைப்பதுதான் எங்கள் வேலை. எதை மேலே ஏற்றுவது, எதை முதலில் விற்றுத் தீர்ப்பது, எதை யாருக்கென்று எடுத்து வைப்பது. பெரிய படிப்பு ஒன்றுமில்லை. ஆனால் தவறினால் அடுத்த தை வரைக்கும் எழுந்திருக்க முடியாது.

அறுபதுகளில் ஒரு வருஷம் அப்படித் தவறியது. சாயங்காலம் வரை தெரு காய்ந்துதான் இருந்தது. விடியும்போது கடைக்குள் தண்ணீர். உப்பு மூட்டை வெறும் ஈரச் சாக்காகக் கிடந்தது. துவரம் பருப்பு ஊறி உப்பிச் சாக்கைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. வெல்லம் முழுவதும் கரைந்து வாசல் வழியாகப் போய்விட்டது, ஓர் எறும்புகூட வரவில்லை. எறும்பும் மிதந்து போயிருக்கும். தீப்பெட்டிக் கட்டுகளைப் பிரித்து அடுப்பங்கரையில் காயவைத்துப் பார்த்தேன். கிழித்தால் மருந்து மட்டும் உதிர்ந்தது. தெரு முழுவதும் அதே கதை. உங்கள் மாடியைத் தவிர.

அதற்குப் பிறகு சூளை யோசனையைச் சொன்னது நீங்கள். நல்ல யோசனை. அதை நான் மறுக்கவில்லை.

நம் ஊரில் மட்டும்தான் அப்படி ஒரு யோசனை வரும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மேட்டில் பீங்கான் கம்பெனிகள் வரிசையாக இருந்தன. பொம்மை, ஜாடி, கரண்டுக் கம்பத்துக்குக் குமிழ் என்று செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள். அடை மழையில் அவர்களுக்கு வேலை கிடையாது. செய்து வைத்த மண் காயாது, காயாததைச் சுட்டால் வெடித்துவிடும். அதனால் ஐப்பசி கார்த்திகையில் சூளைகள் குளிர்ந்து சும்மா கிடக்கும். வருஷக் கணக்கில் நெருப்பு தின்ற சுவர். உள்ளே போனால் உதடு காய்ந்துவிடும், அவ்வளவு ஈரமில்லாத இடம். பீங்கானை அடுக்குகிற மண்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே பலகை பரப்பி, அதன் மேல் மூட்டைகளை அடுக்குவோம். அப்புறம் சூளைக்குச் சரக்கு ஏற்றினால் எப்படி வாயை அடைப்பார்களோ அப்படியே செங்கல் வைத்து அடைத்துக் களிமண் குழைத்துப் பூசிவிடுவோம். பூட்டு இல்லை, சாவி இல்லை. உள்ளே ஒரு சொட்டு இறங்காது. அங்கே வைத்த உப்பு, வைத்த மேனிக்கு வரும்.

யார் வைத்தது என்பதற்கு ஒரு வழக்கம் உண்டாயிற்று. பூசிய களிமண் ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு கடையும் தன் உழக்கின் அடியை அதில் அழுத்த வேண்டும். லிட்டர் வந்த பிறகும் பழைய உழக்கை யாரும் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு நசுங்கல், ஒரு முத்திரை. தடத்தைப் பார்த்தால் எந்தக் கடை என்று தெரு முழுவதும் சொல்லிவிடும். முதல் வருஷம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மறு வருஷம் எண்ணெய்க் கடை அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை. அண்ணன் வருவதற்குள் தம்பி மூட்டையை எடுத்துப் போய்விட்டான். போலீஸ் வரைக்கும் போனது. அப்போது நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். களிமண்ணில் எத்தனை உழக்குத் தடம் இருக்கிறதோ அத்தனை கடையும் வந்து நின்றால்தான் சூளை வாயை உடைக்கலாம். ஒரு கடை குறைந்தாலும் கூடாது. எல்லாரும் சரி என்றார்கள். நானும் மனசுக்குள் சரி என்றேன். சங்கத்தில் வாய் திறந்து சொல்ல எனக்கு இடம் கிடையாது.

எழுபது தாண்டி ஓரிரண்டு வருஷம் இருக்கும். அந்த ஐப்பசியைத்தான் சொல்ல வந்தேன்.

பொம்மைக் கம்பெனியில் வண்ணம் பூசுகிற ஒரு பெண் என்னிடம் சாமான் வாங்குவாள். நம் ஜில்லாவிலேயே மேற்கே இருக்கிற மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். புருஷன் அதே கம்பெனியில் மண் பிசைகிறவன். அந்த வருஷம் அவளுக்கு முதல் பிள்ளை, பெண். பிறந்து கொஞ்ச நாளிலேயே அவளுக்கு விஷக் காய்ச்சல் வந்து பால் நின்றுவிட்டது. டாக்டர் பால் பவுடர் எழுதிக் கொடுத்தார். தெருவில் பால் பவுடர் வைத்திருந்தது என் கடை ஒன்றுதான். மெதுவாகத்தான் போகும், டின்னில் துரு ஏறிவிடும் என்று மற்றவர்கள் வைப்பதில்லை. அவளுக்காகவே நான் வரவழைத்தேன்.

ரேடியோ சொன்ன அன்று அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, புயலு வருதாமே. டின்னு இருக்குதா?"

"இருக்குது. ஒண்ண இப்ப எடுத்துட்டுப் போ. மீதிய சூளையில வெக்கிறேன். மழ வுட்டதும் உனக்குத்தான் மொதல்ல."

"மறந்துடாதீங்கக்கா."

"உன் பொண்ணு கத்துற கத்துல மறக்க முடியுமாடி? மாரியம்மன் கோயிலு வரைக்கும் கேக்குது."

அவள் சிரித்தாள். பிள்ளை நிஜமாகவே பெருங்குரல். மற்றப் பிள்ளைகள் சிணுங்குமே, அதெல்லாம் கிடையாது. எடுத்த எடுப்பில் அலறல்தான்.

என் வீட்டுக்காரர் அன்று காலையிலேயே சேத்தியாத்தோப்புக்கு அரிசி பிடிக்கப் போய்விட்டார். புயல் அடித்த பிறகு அரிசி விலை எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, முன்னாலேயே பிடிக்க வேண்டும். ஆகவே மூட்டைகளைக் கைவண்டியில் ஏற்றிச் சூளைக்குக் கொண்டுபோனது நான். அடுக்கியது நான். பால் பவுடர் டின்களைச் சாக்கில் கட்டி, வாய்க்குப் பக்கத்திலேயே, திறந்ததும் கைக்கு வருகிற மாதிரி வைத்ததும் நான். நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"உன் வூட்டுக்காரன் எங்க தங்கச்சி?"

"சேத்தியாத்தோப்புக்குப் போயிருக்காருங்கண்ணா. லாரி கெடச்சா வந்துடுவாரு."

"சரி சரி, நீயே அமுக்கு. மண்ணு காஞ்சிடப் போவுது."

நான் உழக்கை அழுத்தினேன். காபித்தூள் கடைக்காரர் பின்னாலிருந்து, "அண்ணி, பாத்து! நீங்க அமுக்குற அமுக்குல சூளை அந்தப் பக்கம் சாஞ்சிடப் போவுது!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பொம்பளை அமுக்கக் கூடாது என்று அப்போது ஒரு வாய் சொல்லவில்லை.

மழை வந்தது. புயல் வந்தது. ஆறு வந்தது. இதையெல்லாம் வர்ணிக்கத் தேவையில்லை, எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வருகிறது. கடைக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. சரக்குப் போகவில்லை, அதுதான் சூளையில் இருந்ததே. தண்ணீர் வடிந்து நான் சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். பிள்ளையை ஈரச் சேலையில் சுற்றியிருந்தாள். குடிசை ஆற்றோரம். சட்டி பானையோடு டின்னும் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள், கஞ்சி ஊற்றுகிறார்கள், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றாள். பால்காரர்கள் அக்கரைக் கிராமங்களிலிருந்து வர வேண்டும். பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மாடு எத்தனை பிழைத்தது என்றே அவர்களுக்குத் தெரியாத நேரம்.

"இன்னைக்குத் தெறந்துடுவாங்க. நீ பள்ளிக்கூடத்துக்குப் போ. நானே கொண்டாந்து தரேன்" என்றேன்.

அந்தத் தைரியத்தில்தான் உழக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். எல்லாக் கடைக்காரர்களும் வந்திருந்தார்கள். சூளைக்கு ஒரு சேதமும் இல்லை. களிமண் காய்ந்து வெடித்துத் தடங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நீங்கள் ஒவ்வொரு தடமாக விரலை வைத்து ஆளைப் பார்த்துக்கொண்டே வந்து, என் தடத்தில் நிறுத்தினீர்கள்.

"ஒரு கடை கொறையுதே."

"எந்தக் கடைங்கண்ணா?"

"உங்க கடைதான்."

"நான்தான் நிக்கிறேனே."

"நீ நிக்கிற தங்கச்சி. கடைக்காரன் நிக்கலையே."

நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். உழக்கை நீட்டினேன். "இத அமுக்குனது நான்தானே. வச்சுப் பாருங்க, பொருந்தும்."

"வெக்கிறதுக்கு யாரு வேணா வெக்கலாம். எடுக்குறப்பதான் வம்பு வரும். நாளைக்கு உன் வூட்டுக்காரன் வந்து ஒரு மூட்டை கொறையுதுன்னு சொன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"அவன் கேக்கப் போறது என்னையில்ல?"

"அப்ப எங்க சரக்க வுட்டுடுங்க. மத்தவங்க அவங்கவங்க எடுத்துக்கட்டும். எனக்கு ஒரு பால் பவுடர் டின்னு மட்டும் குடுங்க. வாயிலயேதான் இருக்குது. ஒரு கொழந்தைக்கு."

"வாய ஒடச்சா ஒடச்சதுதான். ஒனக்கு மட்டும் கால் வாசி ஒடைக்க முடியுமா? சட்டம்னு ஒண்ணு எதுக்குப் போட்டோம்?"

நான் மற்றவர்களைப் பார்த்தேன். அவர்கள் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். அவர்கள் சரக்கும் உள்ளே, ஜனங்கள் அவர்கள் கடை வாசலிலும் நிற்கிறார்கள். இதற்கெல்லாம் காரணம் யார்? ஊரில் இல்லாத என் புருஷன். காபித்தூள் கடைக்காரர் சொன்னார்: "அண்ணி, அண்ணன் சேத்தியாத்தோப்புல ஓட்டல்ல சாப்புட்டு மல்லாந்திருப்பாரு. நாங்க இங்க சேத்துல நிக்கிறோம்." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கயிற்றுக் கடைக்காரர், "புருஷன் ஊருல இல்லன்னா சரக்கு எதுக்கும்மா வெக்கிற?" என்று கேட்டார். அடைத்த அன்று என் மூட்டைக்கு ஒரு கை கொடுத்தவர் அவர்.

வெள்ளாற்றில் தண்ணீர் குறையாமல் சேத்தியாத்தோப்பிலிருந்து யாரும் வர முடியாது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு வெறுங்கையோடு போனேன். "நாளைக்கு" என்றேன். அவள் அரிசிக் கஞ்சித் தெளிவைத் துணியில் நனைத்துப் பிள்ளை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அலறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, சத்தம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் போலீஸ்காரரிடம் போனேன். ரயிலடியில் நின்றிருந்தார், பாவம், உடுப்பெல்லாம் சேறு. நான் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, "சொவத்த ஒடச்சா கேஸும்மா. சங்க விஷயத்த சங்கத்துலயே பேசிக்கங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரோடு திறந்தால் பால் பவுடர் வரும், வந்தால் வரிசையில் கொடுப்போம் என்றார் நர்ஸ். வேறு எங்கே போக? உங்கள் கடைக்குத்தான் வந்தேன்.

உங்கள் கடை வாசலில் தெருக்கோடி வரைக்கும் கூட்டம். மாடியிலிருந்து ஆள் மூட்டை இறக்கிக்கொண்டே இருந்தான். அரிசி, உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி. எல்லாம் காய்ந்த சரக்கு. விலையைப் பற்றி நான் எழுதவில்லை. வாங்கியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்ததும் நீங்களே எழுந்து வந்தீர்கள். அதையும் சொல்ல வேண்டும், எழுந்து வந்தீர்கள்.

"பால் பவுடர் நான் வெக்கிறதில்லையே தங்கச்சி. இருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"சூளையத் தெறங்கண்ணா. உங்க காலுல வேணா வுழுறேன்."

"சேச்சே. அதெல்லாம் பேசாத. உன் வூட்டுக்காரன் வரட்டும், அடுத்த நிமிஷம் ஒடச்சுடலாம்." உள்ளே திரும்பி, சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எடுத்து வரச் சொன்னீர்கள். "இந்தா. தண்ணியில கரச்சுக் குடுக்கச் சொல்லு. காசு வேணாம், புண்ணியம்."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? கையில் ஒன்றும் இல்லாமல் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக என்னால் முடியவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். அது எந்தத் தண்ணீர் என்று யார் பார்த்தார்கள்? ஊர்க் கிணறு எல்லாவற்றிலும் ஆறு புகுந்திருந்தது. காய்ச்ச விறகு ஈரம். சாயங்காலத்துக்குள் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அலறல் நின்று முனகலாகிவிட்டது. அவள் என்னிடம், "தூங்குது அக்கா" என்றாள். தூங்கவில்லை.

மறுநாள் காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தனியாக மேட்டுக்குப் போனேன். கேஸ் போட்டால் போடட்டும். இரண்டு குத்துக் குத்தியிருப்பேன். களிமண் பெயர்ந்தது, என் உழக்குத் தடம் பாதி உதிர்ந்தது, செங்கல் அசையவில்லை. சூளை வாய் அடைக்கிற செங்கல்லை அசைக்க என் மாதிரி இரண்டு பேர் வேண்டும். கம்பெனி வாட்ச்மேன் சத்தம் போட்டு ஆளைக் கூட்டிவிட்டான். காபித்தூள் கடைக்காரர் ஓடி வந்தார், கயிற்றுக் கடைக்காரர் வந்தார், கடைசியில் நீங்கள் வந்தீர்கள். ஆளுக்கு ஒரு பக்கம் கடப்பாரையைப் பிடித்து இழுத்தார்கள். நீங்கள் தள்ளி நின்று, "பொம்பளையத் தொடாதீங்கப்பா. கம்பிய மட்டும் புடுங்குங்க" என்றீர்கள். அவ்வளவு மரியாதை. கம்பியை மட்டும் பிடுங்கினார்கள். நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். டின் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முழத்தில் இருக்கிறது. நான் வைத்தது, நான் கட்டிய சாக்கு, எந்த முடிச்சு என்றுகூட எனக்குத் தெரியும்.

"அண்ணி, எந்திரிங்க. வூட்டுக்குப் போங்க. நல்லாயில்ல" என்றார் காபித்தூள் கடைக்காரர். நல்லாயில்லாதது எது என்று அவர் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பஸ் கிடையாது. ஸ்ரீமுஷ்ணம் வழியாகச் சுற்றி, பாதி தூரம் நடை, பாதி தூரம் யாரோ ஒருவருடைய டிராக்டர். வேட்டியெல்லாம் கிழிந்திருந்தது. அவரை வீட்டுக்குள் கால் வைக்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். நீங்கள் அவர் தோளைத் தொட்டு, "வந்துட்டியாப்பா, உனக்காகத்தான் தெருவே காத்துக் கெடக்குது" என்றீர்கள். சுத்தியலால் அடித்தார்கள். செங்கல் விழுந்தது. சரக்கு எல்லாம் வைத்தபடி இருந்தது. நீங்கள் சட்டப்படி என் வீட்டுக்காரரைக் கேட்டீர்கள்: "உன் சரக்க சரி பாத்துக்கப்பா. எத்தினி மூட்டை?"

அவர் என்னைப் பார்த்தார். "எத்தினி மூட்டைடீ வச்ச?"

அத்தனை பேர் முன்னாலும் அவர் அதை என்னிடம் கேட்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் அடுத்த கடையைக் கூப்பிடத் திரும்பிவிட்டீர்கள்.

உங்கள் சரக்கையும் அப்போது பார்த்தேன். பின் சுவரோரம் பழைய உளுந்து கொஞ்சம், உப்பு கொஞ்சம். அவ்வளவுதான். ஊருக்கே மூத்த மொத்த வியாபாரியின் சரக்கு அது.

நான் டின்னை எடுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூட வராந்தாவில் அவள் படுக்கிற இடத்தில் பாய் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் இருந்தவள், "காலையிலயே ஆத்தங்கரைப் பக்கம் தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா" என்றாள். பெரியவர்களைக் கொண்டுபோகிற இடத்துக்கு வழியில்லை, தண்ணீர் நிற்கிறது, சின்னதுதானே என்று கரை மேட்டிலேயே வைத்துவிட்டார்களாம். நான் டின்னைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். வாசலில் கூட்டம் நின்றது. தீப்பெட்டி கேட்டார்கள். கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவள் சோப்பு வாங்க வந்தாள். வண்ணம் பூசின கை, நகமெல்லாம் நீலம். அலமாரியைப் பார்த்தாள். "அக்கா, அந்த டின்ன வேற யாருக்காவது குடுத்துடுங்க. எனக்குன்னு எடுத்து வெக்காதீங்க" என்றாள். மறு வாரம் விற்றுவிட்டேன். கடை என்றால் விற்கத்தான் வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. ஒரு டின் கையில் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த டின் அவள் கையில் இருந்திருக்க வேண்டும். கொடுக்க நான் தயாராக இருந்தேன். வாங்க அவள் தயாராக இருந்தாள். நடுவில் ஒரு செங்கல் சுவரும் நீங்களும்.

அதற்குப் பிறகு நாங்கள் சூளையில் சரக்கு வைக்கவில்லை. வீட்டுப் பரணில் ஏற்றினோம், நனைந்தது நனைந்தது. என் வீட்டுக்காரர் போய்விட்டார். கடையையும் விற்றாகிவிட்டது. நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். போன மாதம் சங்கத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். பழைய வியாபாரி வீடு என்று எனக்கும் அழைப்பு வந்தது, போனேன். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து, அந்த வெள்ளத்தில் சூளை யோசனையால் தெருவில் ஓர் உப்புக்கல்கூட வீணாகவில்லை, சட்டத்தை மதித்து எல்லாரும் பொறுமையாகக் காத்திருந்தோம், அதனால் ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று சொன்னீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், "இப்படியெல்லாம் யோசிச்சிருக்காங்களே பாட்டி" என்று என்னிடம் சொன்னாள். எழுந்து கத்த வேண்டும் என்று இருந்தது. கம்பியைப் பிடுங்கிய கைகள் அந்தக் கூட்டத்திலும் இரண்டு மூன்று உட்கார்ந்திருந்தன.

ஆகவே எழுதிக் கேட்கிறேன். சட்டத்துக்காகத்தான் அந்தச் சூளையை மூடி வைத்தீர்களா, அல்லது உங்கள் மாடி காலியாகும் வரைக்கும் மூடி வைத்தீர்களா? சட்டம்தான் காரணம் என்றால், வெள்ளாறு வடியாமல் வர முடியாத ஓர் ஆளுக்காகத் தெருவே காத்திருக்கிறது என்று தெரிந்தும், சங்கத்தைக் கூட்டி ஒரே ஒரு பேச்சுப் பேசி அந்தச் சட்டத்தைத் தள்ளி வைக்க உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? உழக்கை அமுக்கும்போது நான் கடைக்காரி, எடுக்கும்போது மட்டும் இல்லை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருந்தது?

என் வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்ல வேண்டாம். ஆள் அனுப்பவும் வேண்டாம், பொட்டலம் அனுப்பவும் வேண்டாம். நான் சொன்னது பொய் என்றால் பொய் என்றே சொல்லுங்கள். ஆனால் சங்கக் கூட்டத்தைக் கூட்டி, அதே மைக்கைப் பிடித்து, கை தட்டினவர்கள் அத்தனை பேரும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.